பழைய கார் வேலையைத் தொடர்வதா, குறைப்பதா, கைமாற்றுவதா?

அறுபதைத் தாண்டிய நண்பர் யாராவது, "பழைய காரைப் பிரித்து மாட்டும் வேலையை இனியும் தொடரலாமா?" என்று கேட்டால், முழங்கால் எப்படி இருக்கிறது, சர்க்கரை எவ்வளவு என்றெல்லாம் நான் முதலில் கேட்பதில்லை. "ஷெட்டில் எத்தனை வண்டி பிரித்துக் கிடக்கிறது?" என்றுதான் கேட்பேன். ஒன்று என்றால் நிதானமாகப் பேசலாம். மூன்று என்றால், உடம்பு எவ்வளவு திடமாக இருந்தாலும் உடனே ஒரு முடிவெடுத்தாக வேண்டும்.

முழுதாக நிற்கும் பழைய கார், ஓடாவிட்டாலும், ஒரு கார்தான். பார்க்க ஆள் வருவார்கள், விலை கேட்பார்கள். பிரித்துப் போட்ட காரை அறிந்தவர் ஒரே ஒருவர். எந்தப் பால்பவுடர் டப்பாவில் எந்த போல்ட், ஷிம் என்கிற மெல்லிய தகட்டில் எது எந்தப் பக்கத்து முன்சக்கரக் கிங்பின்னுக்கு, கடைசலுக்குப் போன பிரேக் டிரம் எந்த லேத் பட்டறையில் கிடக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் பிள்ளைகள் கண்ணுக்கு அது இரும்புக் குவியல், எடைக்குப் போகும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சென்னை புதுப்பேட்டையில் இப்படி வந்திறங்குவதைப் பார்த்திருக்கிறேன். குரோமியம் ஏற்றி, செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றி வைத்த பம்பர் ஒரு சாக்கில் வரும். அந்த வண்டியின் பாடி வேறு யாரிடமோ போய் நறுக்கப்பட்டிருக்கும். பார்க்கவே வயிறு எரியும்.

அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைத்தான் அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன்: இன்றோடு என் கை நின்றுபோனால், இந்த வண்டி முழு வண்டியாக இன்னொருவர் கையில் ஓடுமா? வயதைப் பற்றிய மற்ற கேள்விகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

எனக்கு இப்போது 67 வயது. தாம்பரம் பக்கம் வீடு, பின்னால் தகர ஷெட். அதில் மூன்று வண்டிகள். ஒன்று 1967-ஆம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பாதி பிரித்த நிலை. இன்னொன்று எண்பதுகளின் பிரீமியர் பத்மினி; ஓடுகிறது. மூன்றாவது 1977-ஆம் வருடத்து அம்பாசடர் மார்க் 3. முழுதாக நிற்கிறது, தளமெல்லாம் துரு, வேலை தொடங்கவில்லை. நம் ஊரில் இந்த வேலை செய்பவர்களிடம் பெரும்பாலும் இந்த மூன்று குடும்பத்து வண்டிகள்தான் இருக்கும் என்பதால் இவற்றை வைத்தே பேசுகிறேன்.

எல்லாவற்றையும் நானே செய்வது

இதுவரை செய்துவந்தது இதைத்தான். கைக்குத் தெரியாத மூலை வண்டியில் இருக்காது, செலவும் கட்டுக்குள் இருக்கும். ஆனால் வயதான பிறகு இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பது உடம்பை மட்டும் பொறுத்ததல்ல. வண்டியை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதும் அதில் பாதி. இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் 1961-லிருந்து செய்த வண்டி. பானட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் எஞ்சின் முழுதாக வெளியே நிற்கும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு கார்ப்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, பெட்ரோல் பம்பு எல்லாவற்றையும் மடியில் வைத்துப் பார்ப்பதுபோலப் பார்க்கலாம். கியர்பாக்ஸை இறக்க வண்டிக்கடியில் போக வேண்டியதில்லை. சீட்டைக் கழற்றி, நடுமேட்டு மூடியை எடுத்துவிட்டால் உள்பக்கமாகவே வெளியே வரும். பாடிக்கு அடியில் தனி சாசிஸ், அதாவது தனிச் சட்டம், இருப்பதால் பாடியை போல்ட் கழற்றித் துண்டு துண்டாக எடுக்கலாம். முதுகு வலிக்காரனுக்கென்றே கட்டியதுபோல ஒரு வண்டி.

அம்பாசடர் இதற்கு நேர்மாறு. எஞ்சின் குழிக்குள் ஆழத்தில் இருக்கிறது. உயரமான மட்கார்டின்மேல் வயிற்றை வைத்துக் குனிந்து நின்றால்தான் கை எட்டும். அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வார்ப்பிரும்பு ஹெட்டை அந்த நிலையில் குனிந்து தூக்குவது இளைஞனுக்கே ஆகாது. கியர்பாக்ஸை அடியிலிருந்து இறக்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சினோடு சேர்த்து செயின் பிளாக்கில் மேலே தூக்க வேண்டும். முன் சஸ்பென்ஷனில் டார்ஷன் பார். முறுக்கேறி நிற்கும் கம்பி. முறுக்கைத் தளர்த்தாமல் கை வைத்தால் எலும்பு போகும். எல்லாவற்றுக்கும் மேல், தனி சாசிஸ் கிடையாது. தளத்துத் தகடுதான் வண்டியின் பலம். அது அரித்துப் போயிருந்தால் படுத்துக்கொண்டு வெட்டி, படுத்துக்கொண்டு வெல்டிங் வைக்க வேண்டும்.

பத்மினி நடுவில் நிற்கிறது. 1089 சி.சி. எஞ்சின் சின்னது, ஹெட் அலுமினியம், ஒரு ஆள் தூக்கலாம். ஆனால் அதுவும் தனி சாசிஸ் இல்லாத வண்டி. கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதியில் துரு ஏறியிருந்தால் வேலை மறுபடி தரைக்கே போய்விடும்.

உதிரிபாகத்தில் இந்த வரிசை அப்படியே தலைகீழ். அம்பாசடர் உத்தரபாராவில் 2014 வரை வந்துகொண்டிருந்ததால் பாகம் எளிதில் கிடைக்கிறது. பத்மினிக்குத் தேடினால் கிடைக்கும். ஸ்டாண்டர்ட் கம்பெனி 1988-லேயே மூடிவிட்டது. இங்கிலாந்தில் நம் ஹெரால்டின் மூல வண்டியான டிரையம்ப் ஹெரால்டுக்கு இன்றும் பாகங்கள் செய்கிறார்கள் என்பதால் எஞ்சின், பிரேக் சாமான்களை வரவழைக்கலாம், சுங்க வரியோடு. இந்திய வண்டிக்கே உரிய கண்ணாடி, பீடிங், மோல்டிங் எல்லாம் பழைய வண்டியிலிருந்து எடுத்தால்தான் உண்டு. உடம்புக்கு இதமான வண்டி பாகத்துக்கு அலையவிடும், பாகம் கிடைக்கும் வண்டி உடம்பைக் கேட்கும். எனக்கு இதில் தயக்கமில்லை. பாகத்துக்கு அலைவதைப் போனிலும் செய்யலாம். அடியில் படுப்பதைப் போனில் செய்ய முடியாது.

உடம்பைப் பற்றி, சக வயதினர் பெரிதாக நினைக்காத சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். இருபார்வைக் கண்ணாடியில் கிட்டப் பார்க்கும் பகுதி கீழே இருக்கும். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து மேலே பார்க்கும்போது கழுத்தைப் பின்னால் வளைத்தால்தான் போல்ட் தெரியும். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவருக்குத் தலை சுற்றும். கிட்டப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி ஒன்று போட்டு ஷெட்டில் வைத்துக்கொள்வது நல்லது. கண்புரை தொடங்கியிருந்தால் லென்ஸ் மஞ்சளாகி, நிறம் பார்ப்பது தப்பிப் போகும். பெயிண்ட் ஷேடு சரிபார்க்க வீட்டில் சின்னவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவருக்குத் தகடு கிழித்த காயம் சீக்கிரம் நிற்காது. சர்க்கரையால் கால் மரத்தவர் பூட்ஸ் இல்லாமல், வெறும் செருப்போடு ஷெட்டுக்குள் வரவே கூடாது. தீப்பொறி காலில் விழுந்தது மாலையில்தான் தெரியும். பேஸ்மேக்கர் வைத்தவர் ஆர்க் வெல்டிங்குக்கும் ஓடும் எஞ்சினின் இக்னிஷன் காயிலுக்கும் அருகில் போவதற்குமுன் இதய மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைக் கழற்றியதும் ஊதித் தூசி தட்டும் பழக்கத்தை எந்த வயதிலும் விட்டுவிட வேண்டும், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி, அல்லது செங்கல் அடுக்கி, அடியில் போவதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் இன்னமும் செய்கிறார்கள். இரும்பு ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகாதீர்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஸ்டாண்ட் இருந்தாலும் போகாதீர்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு டியூனிங் பார்க்காதீர்கள். அந்தப் புகையில் உள்ள நச்சுக்கு வாசனையே கிடையாது.

இதையெல்லாம் எடைபோட்டால், எல்லாவற்றையும் தானே செய்யும் வழி எனக்கு ஹெரால்டுக்கு மட்டும் ஓரளவு பொருந்துகிறது. அம்பாசடருக்குப் பொருந்தவே பொருந்தாது.

மேஜை வேலை நமக்கு, தரை வேலை பட்டறைக்கு

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. வயதானவருக்குத்தான் இது நன்றாகவும் வரும் என்று நம்புகிறேன். பழைய காரில் ஆகச் சிறந்த வேலைகள் மேஜைமேல் நடப்பவை. கார்ப்பரேட்டரைப் பிரித்து, ஜெட்டுகளைக் கழுவி, மிதவை மட்டத்தைச் சரிசெய்வது, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் ஆட்டத்தைப் பார்த்துப் புஷ் மாற்றுவது, டைனமோவின் கார்பன், செல்ஃப் மோட்டார், வைப்பர் மோட்டார், மீட்டர்கள், வயரிங் எல்லாமே அப்படித்தான். இவற்றுக்குப் பலம் வேண்டாம். பொறுமை வேண்டும், வெளிச்சம் வேண்டும், உயரம் சரியான நாற்காலி வேண்டும். இன்றைய மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் ஸ்கேனரை மாட்டிப் பழகியவர்கள். பழைய எஞ்சினில் தீப்பொறிக்கு உதவும் பாயிண்ட், கண்டன்சர் பார்த்து வளர்ந்த கைகள் குறைந்துவிட்டன. அதனால் பட்டறைக்குக் கொடுத்தாலும் இந்த வேலை சரியாக வராது. நாம் வைத்துக்கொள்வதுதான் வண்டிக்கும் நல்லது.

டிங்கரிங், பெயிண்டிங், கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றுவது, பட்டை ஸ்பிரிங், போர் கடைசல் எல்லாம் வெளியே. பெயிண்டிங்கைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்கிறேன். முன்பு டியூகோ என்ற பழைய வகைப் பெயிண்ட் அடித்த காலத்தில் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு வீட்டிலேயே அடித்தோம். இப்போதைய இரண்டு பாகப் பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழலைப் பாதித்து ஆஸ்துமாவையே கொண்டுவரக்கூடியது. துணி முகமூடி அதற்கு ஒன்றுமே இல்லை. சரியான பூத் உள்ள இடத்தில், சரியான கவசம் போட்டவர் அடிக்கட்டும்.

செலவு கூடும், அதை மறைக்க முடியாது. துருப்பிடித்த ஒரு வண்டிக்குத் தகடு வேலையும் பெயிண்டும் சேர்ந்தாலே லட்சங்களில் போய் நிற்கும். ஓய்வூதியத்தில் வாழ்பவர் இதை மனைவியோடு உட்கார்ந்து, மருத்துவச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, மீதியில்தான் யோசிக்க வேண்டும். இந்த வழியில் மூன்று வண்டி வைத்துக்கொள்ள எனக்கு வசதியில்லை. ஒன்று முடியும், மிஞ்சினால் இரண்டு.

பட்டறைக்குக் கொடுப்பதென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வருவதில்லை. எனக்குத் தகடு வேலை செய்பவர் நல்ல கைக்காரர். ஆனாலும் ஹெரால்டின் கதவைப் பார்த்ததும், "சார், இங்க பட்டி வச்சு ஃபினிஷ் பண்ணிடலாம், வெளிய தெரியாது" என்றார். பள்ளத்தைப் பசைபோல நிரப்பி மறைப்பதுதான் பட்டி. "வேணாம் பாய், வெட்டிட்டுப் புதுத் தகடு வைங்க. நாள் கூட ஆகட்டும்" என்றேன். பெயிண்டுக்குப் போவதற்குமுன் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தத்தோடு போனேன். கதவின் கீழ்விளிம்பு முழுக்க அதை மெல்ல நகர்த்தினால் தகடு உள்ள இடத்தில் பற்றும், பட்டி தடித்த இடத்தில் நழுவும். எல்லா இடத்திலும் பற்றியது. அவர் முகத்திலும் பெருமை. நம் வயதில் இந்தக் காந்தம்தான் நம் சுத்தியல். கையால் செய்ய முடியாததைச் சரியாகச் செய்யவைக்கக் கண்ணும் வாயும் போதும்.

இந்த வழியின் பெரிய ஆபத்து, வண்டி பட்டறையில் தூங்கிப்போவது. பாடி ஓரிடம், எஞ்சின் ஓரிடம், கதவுகள் வீட்டு மாடியில் என்று சிதறினால் நான் முதலில் சொன்ன கேள்வியில் இந்த வழி மோசமாகத் தோற்றுவிடும். அதனால் எனக்கு நானே சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் வெளியே போகும். அது திரும்பி வந்து வண்டியில் மாட்டிய பிறகுதான் அடுத்தது. பணம் வேலை முடிய முடியத்தான். கழற்றும் ஒவ்வொன்றும் ஜிப் வைத்த பையில், உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம், அதன் பக்கங்களைப் படமெடுத்து மகனுக்கும் அனுப்பிவிடுவது.

நோட்டில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் கீழ்முனையில் டிரன்னியன் என்று ஒரு இணைப்பு உண்டு; சக்கரம் திரும்பும்போது திருகுபோல அதில் சுழலும். நிப்பிளைப் பார்த்ததும் சர்வீஸ் செய்பவர்கள் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். அதற்குப் போக வேண்டியது கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில். கிரீஸ் உள்ளே இறங்காமல் மேலேயே இறுகிப்போய், ஈரம் தங்கித் துரு ஏறி, ஒருநாள் முறிந்தால் முன் சக்கரம் ஓட்டத்திலேயே மடங்கிவிடும். பழைய ஹெரால்டுக்காரர்களுக்கெல்லாம் இது தெரியும். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. வண்டியை வாங்குபவருக்கு இந்த ஒரு வரி எழுதியிருந்தால் அது ஒரு உயிரைக் காப்பாற்றும்.

நோட்டைவிட நல்லது ஒரு ஆள். பாலிடெக்னிக்கில் படிக்கும் பக்கத்துத் தெருப் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். தரையில் படுக்க வேண்டிய வேலை அவனுக்கு, மேஜையில் கற்றுக்கொடுப்பது எனக்கு. பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் என்று புத்தகத்தில் அவனே படித்துவிடுவான். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு அதில் எப்படிப் போக வேண்டும் என்பது படித்து வராது. "தம்பி, சும்மா போய் வந்தா லூசு. இழுக்கும்போது பாயிண்டும் கூடவே ஆடினா டைட்டு. லேசா உரசிக்கிட்டு வரணும்" என்று சொல்லி, தகட்டை அவன் விரலில் கொடுத்து, என் விரலை அதன்மேல் வைத்து இழுத்துக் காட்டினேன். இரண்டாவது முறை அவனே, "இப்ப உரசுது சார்" என்றான். எஞ்சின் ஐடிலிங்கில் ஒரே சீராக நின்றது. கற்றுக்கொடுப்பதற்கு நான் அவனிடம் பணம் கேட்பதில்லை, வேலைக்கு அவனும் கூலி கேட்பதில்லை. சாப்பாடும் பஸ் செலவும் நம் பொறுப்பு. கவசமும் பூட்ஸும் நாம்தான் வாங்கித்தர வேண்டும். அவன் பெற்றோரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

வேலையை விட்டு, ஓட்ட மட்டும் செய்வது

புதிதாக எதையும் பிரிப்பதில்லை, இருப்பதை ஓட வைத்துக்கொள்வோம் என்ற வழி. கேட்க எளிது. ஆனால் சும்மா நிற்கும் பழைய கார்தான் சீக்கிரம் கெடும். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் இது இன்னும் கூடிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் பம்பின் டயாஃப்ரத்தையும் கெடுக்கும், டாங்கின் அடியில் பல வருடம் படிந்த துருவையும் பிசினையும் கிளப்பிக் கார்ப்பரேட்டருக்குள் கொண்டுவந்து சேர்க்கும். ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுவதும், மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் டாங்கைக் காலி செய்வதும் கட்டாயம். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுப்பதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் வீல் சிலிண்டர் உள்ளே அரித்துவிடும்.

காகித வேலையும் உண்டு. 15 ஆண்டு தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் இதன் கட்டணத்தை 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் விதி இருக்கிறது. வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண், பத்தாண்டுச் செல்லுபடி, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். என் ஹெரால்டு இதற்குத் தகுதி பெறும்; அம்பாசடருக்கு 2027 வரை காத்திருக்க வேண்டும்; பத்மினி பக்கத்திலேயே வராது. இந்தப் பதிவை எடுத்தபின் வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க மட்டும்தான். சாசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத, அசல் வடிவில் உள்ள வண்டிக்குத்தான் கிடைக்கும். வேறு எஞ்சின் மாட்டிய ஹெரால்டுகளை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் விண்ணப்பிக்குமுன் இதை யோசிக்க வேண்டும்.

ஓட்டுபவரின் லைசென்ஸும் வயதோடு வருகிறது. 55-க்குமேல் ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் புதுப்பிப்பார்கள், மருத்துவச் சான்றோடு. பவர் இல்லாத ஸ்டீயரிங்கையும் பூஸ்டர் இல்லாத டிரம் பிரேக்கையும் சென்னை ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை நெரிசலில் சமாளிப்பது வேறு விஷயம். நான் பத்மினியை விடியற்காலையில் மட்டும் எடுக்கிறேன்.

முழுதாக இருக்கும்போதே கைமாற்றுவது

"விற்பது" என்றாலே நம்மவர்களுக்குத் தோற்றதுபோலத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் கையாலேயே, வண்டியைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் சொல்லி, தகுந்த ஆளைத் தேர்ந்து கொடுப்பது ஒரு சலுகை. நாம் போனபின் பிள்ளைகள் விற்கும்போது இந்தச் சலுகை அவர்களுக்குக் கிடைக்காது. யார் முதலில் பணத்தோடு வந்து நிற்கிறாரோ அவருக்குப் போகும்.

பிள்ளைகளிடம் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். நான் கேட்டேன். மகன், "அப்பா, பத்மினி எனக்கு வேணும், அதுலதான் ஸ்கூலுக்குப் போனேன். மத்ததைப் பார்த்துக்க என்னால முடியாது" என்றான். எனக்கு அது வருத்தம் தரவில்லை, தெளிவு தந்தது. அவன் இருப்பது பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்பு; ஒரு வண்டி நிறுத்த இடம் இருப்பதே பெரிது.

மகனுக்கோ மகளுக்கோ போகப்போகும் வண்டியின் ஆர்.சி.யில் இப்போதே நாமினி பெயரைச் சேர்த்துவிடுங்கள். 2021-லிருந்து அதற்கு வழி இருக்கிறது. இல்லாவிட்டாலும் சொந்தக்காரர் இறந்தபின் வாரிசு 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ஐக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஷெட்டில் நிற்கும் பழைய கார் யாருக்கு நினைவு வரும்? ஆர்.சி. இல்லாத வண்டி, எஞ்சின் எண்ணும் சாசிஸ் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகாத வண்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும் உதிரிபாக விலைக்குத்தான் போகும். ஸ்பானரும் எமரித்தாளும் எடுப்பதற்கு முன்பே இந்த எண்களைப் படித்து ஒத்துப்பார்த்திருக்க வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது? அதிக விலை சொல்பவருக்கு என்று நான் போகமாட்டேன். பாகத்துக்காக வாங்குபவர் சில சமயம் அதிகமாகவே தருவார். வேலை செய்யும் இடம் இருக்கிறதா, ஏற்கெனவே ஒரு வண்டியை முடித்து ஓட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும். முடித்த வண்டி ஒன்றும் இல்லாமல், பிரித்த வண்டி நாலு வைத்திருப்பவருக்கு ஐந்தாவதைக் கொடுக்கக் கூடாது. வண்டி அபூர்வமானது, வரலாறு உள்ளது என்றால் கோவை அவிநாசி சாலையில் 2015-ல் தொடங்கிய ஜிடி கார் மியூசியம் போன்ற இடங்களை நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். சாதாரண அம்பாசடரை எல்லாம் அருங்காட்சியகம் கேட்காது. அது ஓட்டுபவர் கையில்தான் இருக்க வேண்டும்.

என் முடிவு இப்படி வந்திருக்கிறது. ஹெரால்டு பிரித்துக் கிடப்பதால் அதுதான் முதலில் முழுதாக வேண்டும். அதன் அமைப்பும் என் முதுகுக்கு ஏற்றது. மேஜை வேலை என்னிடம், தகடு வேலை பாயிடம், அடிவேலை அந்தத் தம்பியிடம். அது முடியும்வரை வேறு எதிலும் ஸ்பானர் வைப்பதில்லை, முடிந்தபின் புதிதாக ஒன்று வாங்குவதும் இல்லை. பத்மினி ஓடிக்கொண்டிருக்கட்டும், மகன் பெயர் ஆர்.சி.யில் ஏற வேண்டும். அம்பாசடர் போகிறது.

வாங்கப்போகிறவர் கோவைக்காரர். சொந்தமாக ஒரு மார்க் 2 முடித்து ஓட்டுகிறார், வீட்டுக்குப் பக்கத்திலேயே லேத் பட்டறை. தளம் முழுக்கத் துரு என்பதைப் படத்தோடு சொல்லிவிட்டேன், அதற்குத் தகுந்தபடி விலையையும் குறைத்துவிட்டேன். ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, லாரியில்தான் ஏற்ற வேண்டும் என்பது என் நிபந்தனை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார் இடைத்தரகர், மறுத்துவிட்டேன். பெயர் மாறும்வரை விபத்து நடந்தால் ஆர்.சி.யில் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வாங்குபவர் வரும் நாளில் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுவோம். பொங்கல் கழித்து வருகிறார்.